காதுக்குள் தோல் எப்படிப் போனது?

கேள்வி:

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வயதிலிருந்தே வலது காது அவ்வப்போது ஒழுகும். சொட்டு மருந்து விட்டால் நிற்கும், சளி பிடித்தால் மறுபடி வரும். ஓராண்டாகக் கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் வாடை தாங்க முடியவில்லை. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை இடம் மாறிவிட்டாள். வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மதுரையில் காட்டினோம். காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கிறது, கொலஸ்டியேட்டோமா என்று பெயர், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அந்தக் காதில் கேட்கும் திறன் 45 டெசிபல் குறைந்திருக்கிறதாம்.

காதுக்குள் தோல் எப்படி வளரும்? பம்பு செட்டில் குளிக்க விட்டதாலா? என் மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றினார், அதனாலா? பெயரைக் கேட்டுவிட்டு, ‘இது கொழுப்பு, கறி முட்டை கொடுக்காதே’ என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இது புற்றுநோயா? பெண்பிள்ளைக்குக் காதில் கத்தி வைக்க வேண்டாம், வயதுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை. ஏழு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்குக் காது ஒழுகாது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், அவ்வளவுதான்.

— ஒரு தாய், மதுரை மாவட்டம்

பதில்:

அம்மா, உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்விக்கு முதலில் வருகிறேன். இது நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல. பம்பு செட் தண்ணீரால் வரவில்லை, மாமியாரின் எண்ணெயால் வரவில்லை. புற்றுநோயும் கிடையாது. உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவாது. ஆனால் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே எலும்பைத் தின்னும். அதனால்தான் உங்கள் டாக்டர் ஆபரேஷன் என்றார். அவர் சொன்னது சரி.

இனி, தோல் அங்கே எப்படிப் போனது என்று பார்ப்போம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால், இது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

காதுத் துவாரத்துக்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் போனால் செவிப்பறை. ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், குறுக்கே 9 மில்லிமீட்டர். தடிமன் 0.1 மில்லிமீட்டர். அந்த மெல்லிய பறைக்குள் மூன்று அடுக்கு இருக்கிறது. வெளிப்பக்கம் தோல், நடுவில் உறுதியான நார், உட்பக்கம் ஈரமான சவ்வு. பறைக்கு அந்தப் பக்கம் நடுக்காது, ஒரு சின்னக் காற்றறை. அதன் சுவர் முழுக்க அந்தச் சவ்வுதான், நம் மூக்கின் உட்புறம் போல. ஆக, செவிப்பறைக்கு இந்தப் பக்கம் தோலின் ஊர், அந்தப் பக்கம் சவ்வின் ஊர். தோல் எல்லை தாண்டி உள்ளே போய்க் குடியேறிவிட்டதுதான் உங்கள் மகளின் நோய்.

அது வேறு ஏதோ விபரீதமான தோல் என்று நினைக்காதீர்கள். கையில் இருக்கிறதே, அதே மாதிரியான தோல்தான். தோலின் வேலை என்ன? அடியில் புதிது வளரும், மேலே செத்த அடுக்கு உதிரும். கையில் உதிர்வது குளிக்கும்போது தண்ணீரோடு போய்விடுகிறது. காதுக்குள் யார் தேய்த்துவிடுவது? அதற்கு உடம்பு ஓர் அருமையான ஏற்பாடு வைத்திருக்கிறது. செவிப்பறையின் தோல் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து காதுத் துவாரம் வழியாக வெளியேயும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பறையின் நடுவில் ஒரு புள்ளி மை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நகம் வளர்கிற வேகத்தில், வாரக் கணக்கில், அந்தப் புள்ளி வாசலை நோக்கி வந்திருக்கிறது. செத்த தோலும் குறும்பியும் அதோடு சேர்ந்து தானாக வெளியே வந்துவிடும். (காதைக் குடைய வேண்டாம் என்று காது டாக்டர்களான நாங்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். பட்ஸ் போட்டால், வெளியே வருவதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறோம்.)

சரி, இவ்வளவு ஒழுங்காக வெளியே போகிற தோல் உள்ளே திரும்பியது ஏன்?

நீங்கள் கொடைக்கானல் போயிருப்பீர்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறக்கும். அந்தச் சத்தம், மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் ஒரு குழாய் திறக்கிற சத்தம். ஈஸ்டேஷியன் குழாய் என்று பெயர். நடுக்காதில் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் குழாய் திறந்து, குறைந்த காற்றை நிரப்பிவிடும். மலைக்கே போகாவிட்டாலும், ஒரு நாளில் பல நூறு தடவை இது நடக்கிறது.

சிறு பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் பெரியவர்களுடையதைவிடக் குட்டை. சரிவும் குறைவு, ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். அதன் வாய்க்கு அருகிலேயே அடினாய்டு என்ற சதை இருக்கிறது. அடிக்கடி சளி, மூக்கு அலர்ஜி, வீங்கிய அடினாய்டு என்று வந்தால் குழாய் சரியாகத் திறக்காது. உறிஞ்சப்பட்ட காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று வராது. பழரசப் பாக்கெட்டை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் பாக்கெட் உள்ளே ஒட்டிப்போகுமே, அதே மாதிரி செவிப்பறை உள்ளே இழுபடும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுபடாது. செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மற்ற இடங்களில் இருப்பதுபோல ஒழுங்கான நார் அடுக்கு அங்கே கிடையாது. தொளதொளவென்று இருக்கும். இழுப்புக்கு முதலில் தோற்பது அந்த இடம்தான். முதலில் ஒரு சின்னக் குழி. குழி ஆழமாகிப் பையாகும். பழைய காலத்துப் பாட்டிகள் இடுப்பில் செருகியிருப்பார்களே சுருக்குப் பை, அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கும். அந்தப் பையின் உள்பக்கம் முழுக்கச் செவிப்பறையின் வெளித் தோல்.

இதன் பிறகு நடப்பதில் புதிராக எதுவும் இல்லை. பைக்குள் இருக்கும் தோலும் தன் வழக்கப்படி உதிர்கிறது. ஆனால் வாய் குறுகலாக இருப்பதால் உதிர்ந்தது வெளியே வர முடியவில்லை. சேர்கிறது. மேலும் மேலும் சேர்கிறது. ஆபரேஷனில் திறந்து பார்த்தால் முத்துப் போன்ற வெண்மையில், வெங்காயத்தை உரித்ததுபோல அடுக்கடுக்காக இருக்கும். நிரம்ப நிரம்பப் பை வீங்கும். வீங்கினால் தோலின் பரப்பு கூடும். பரப்பு கூடினால் உதிர்வது இன்னும் கூடும். ஆண்டுக் கணக்கில், சத்தமில்லாமல் இது வளரும். உங்கள் மகளுக்கும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து சளி பிடிக்கும்போதெல்லாம் காது ஒழுகியது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

வேறு வழிகளும் உண்டு. செவிப்பறையின் ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தால், அந்த ஓட்டையின் விளிம்பு வழியாகத் தோல் உள்ளே ஊர்ந்து போகலாம். காயத்தாலோ முன்பு செய்த காது ஆபரேஷனாலோ ஒரு துணுக்குத் தோல் உள்ளே மாட்டிக்கொண்டு வளர்வதும் உண்டு. சில குழந்தைகளுக்குக் கருவில் இருக்கும்போதே தோல் அணுக்கள் சில நடுக்காதில் தங்கிவிடும். அவர்களுக்குச் செவிப்பறை முழுதாக இருக்கும், ஒழுகல் இருக்காது, பறைக்குப் பின்னால் ஒரு வெள்ளை முத்து மட்டும் தெரியும். அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு ஈஸ்டேஷியன் குழாயைத் திறக்கும் தசை சரியாக வேலை செய்யாது. அதனால் இந்த நோய் வர வாய்ப்பு அதிகம், அவர்கள் காதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் பயம் தீரட்டும். 1838-இல் யோகான்னஸ் முல்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் வைத்த பெயர் இது. பித்தம், கொழுப்பு, கட்டி என்று பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களை ஒட்டினார். இதில் பித்தமும் இல்லை, கொழுப்பும் இல்லை, கட்டி என்ற வகையிலும் இது சேராது. பெயர் தவறு என்று தெரிந்தும் மருத்துவ உலகம் அதையே வைத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்கு முட்டையும் கொடுங்கள், கறியும் கொடுங்கள். ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளை நன்றாகச் சாப்பிட வேண்டும்.

இப்போது வாடைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் வாடை தாங்க முடியவில்லை’ என்பது. ஒழுகும் காதுகளில் இரண்டு வகை பார்க்கிறோம். ஒன்று, பறையின் நடுவில் ஓட்டை விழுந்து, சளி பிடிக்கும்போது கோழை மாதிரி நிறைய ஒழுகும். பெரிதாக வாடை இருக்காது. கவனிக்க வேண்டியதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து வருவது அபூர்வம். இன்னொன்று, கொஞ்சமாக வரும், நாற்றமடிக்கும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். பைக்குள் ஈரத்தில் ஊறிக் கிடக்கும் செத்த தோலில், காற்றில்லாத இடத்தில் பெருகும் கிருமிகள் கிளப்பும் வாடை அது. அளவு குறைந்ததைப் பார்த்து ‘குணமாகிறது’ என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். காது நோய்களில் மனிதரை ஏமாற்றுவது இதுதான். அளவு குறையும், வலி இருக்காது, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

அந்த வேலை எலும்பு அரிப்பு. பையின் தோலும் அதைச் சுற்றியுள்ள அழற்சியும் சுரக்கும் பொருள்கள் எலும்பைக் கரைக்கின்றன. நம் உடம்பில் பழைய எலும்பைக் கரைத்துப் புதியதற்கு இடம் செய்வதற்கென்றே சில அணுக்கள் உண்டு. அழற்சி அவற்றை வேண்டாத இடத்தில் தூண்டிவிடுகிறது. பையின் அழுத்தமும் சேர்கிறது. நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்ன எலும்புகள் சங்கிலியாக நின்று ஒலியை உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கவடி நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, உயரம் 3 மில்லிமீட்டர்தான். இந்த மூன்றில் பட்டடையின் நீண்ட கால்தான் பெரும்பாலும் முதலில் கரையும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அது போனால் சங்கிலி அறுந்தது. உங்கள் மகளின் 45 டெசிபல் குறைவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சாதாரணமாகப் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். அதிலிருந்து 45 போனால், அந்தக் காதுக்கு நம் பேச்சு முணுமுணுப்பாகத்தான் எட்டும். இடது காது நன்றாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். வகுப்பில் அவளை ஆசிரியருக்கு இடது காது திரும்பியிருக்கும்படி, முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கே சொல்லலாம், இதற்கு ஆபரேஷன் வரை காத்திருக்க வேண்டாம்.

நடுக்காதுக்கு மேலே ஒரு மெல்லிய எலும்புக் கூரை இருக்கிறது. அதற்கு மேல் மூளை. உள்ளே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. பக்கத்தில் உடம்பின் சமநிலையைக் காக்கும் குழல்கள். பின்னால் மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய நாளம். எல்லாம் சில மில்லிமீட்டர் தூரத்தில். அரிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஆபத்து. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஒழுகியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருந்தது. வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு வாரம் இருந்திருக்கிறார். காதைப் பார்த்தேன். ‘இது பத்து வருஷமா ஒழுகுது டாக்டர், அது வேற’ என்றார். அது வேறு இல்லை, அதுதான். உடனே ஆபரேஷன் செய்தோம். முகம் பெருமளவு சரியானது, முழுதாகச் சரியாகவில்லை. அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பத்து வருடத்தில் ஒரு முறை யாராவது மைக்ராஸ்கோப்பில் காதைப் பார்த்திருந்தால் போதும்.

ஆகவே சில அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், மாமியாருக்கும் சேர்த்து. முகம் ஒரு பக்கம் கோணுதல், தலை சுற்றி விழப்போவதுபோல் இருத்தல், காதுக்குப் பின்னால் வீக்கம், காய்ச்சலோடு கடுமையான தலைவலியும் வாந்தியும், கழுத்து விறைப்பு, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவு எத்தனை மணியானாலும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், காதில் இந்த நோய் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பம்பு செட் குளியலும் எண்ணெயும் நோயை உண்டாக்கவில்லை என்றேன். அதற்காக அவை நல்லது என்று பொருளில்லை. தண்ணீர் உள்ளே போனால் பையில் கிருமி பெருகி ஒழுகல் கூடும். ஆகவே இப்போதைக்கு முங்கிக் குளிப்பது வேண்டாம். தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை அந்தக் காதின் வாயில் வைத்துக்கொள்ளட்டும், குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் இனி ஒரு சொட்டுக்கூட வேண்டாம். பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்கே இறங்கும். சூடாக இருந்தால் புண்ணாகும். டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தையும் மறைத்துவிடும். மாமியார் பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார், அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், நிறுத்தினால் போதும்.

சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சீட்டைக் காட்டி, அல்லது காலி பாட்டிலைக் காட்டி மெடிக்கலில் திரும்பத் திரும்ப வாங்குவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. சொட்டு மருந்து கிருமியைக் கொல்லும், காது காயும், வாடை போகும். பையும் அதன் தோலும் அப்படியே இருக்கும். அதுமட்டுமல்ல, கடையில் கிடைக்கும் சில சொட்டு மருந்துகளில் உள்ள ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள், பறையில் ஓட்டை இருந்தால் உள்காதைச் சென்றடைந்து கேட்கும் நரம்பு அணுக்களையே கெடுக்கக்கூடும். இப்போது உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்ததை மட்டும் அவர் சொன்ன நாள்வரை விடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மாத்திரையால் கரைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. தோலைக் கரைக்க மாத்திரை இல்லை. சிகிச்சை என்றால் அந்தப் பையை முழுதாக எடுப்பதுதான்.

அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அரிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, முக நரம்பின் மேல் எலும்பு இருக்கிறதா, கூரை முழுதாக இருக்கிறதா என்று அதில் தெரியும். ஆபரேஷன் முழு மயக்கத்தில் நடக்கும். பெரும்பாலும் காதுக்குப் பின்னால் மடிப்பில் கீறி, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, மெல்லிய டிரில்லால் காதுக்குப் பின்னுள்ள எலும்பைத் திறந்து, பையைத் துளி விடாமல் எடுக்க முயல்வோம். சில மணி நேரம் ஆகும். தழும்பு காதோடு ஒட்டிய மடிப்பில் மறைந்துவிடும். பின்னல் போட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கம்மல், ஜிமிக்கி எல்லாம் வழக்கம்போலப் போடலாம். மாமியாருக்கு இருக்கும் கவலைகளில் இது ஒன்று என்று நினைக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஆபரேஷனில் இரண்டு முறை உண்டு. காதுத் துவாரத்தின் பின்சுவரை வைத்துக்கொண்டே நோயை எடுப்பது ஒன்று. காது இயற்கையாக இருக்கும், ஆறியபின் தண்ணீர் படுவதற்கும் பயமில்லை. ஆனால் கண்ணில் படாத மூலையில் ஒரு துணுக்குத் தோல் தங்கிவிட்டால் மறுபடி வளரும். ஆகவே சுமார் ஓராண்டில் திறந்து பார்க்கவோ, அதற்கென்றே உள்ள ஒரு வகை எம்.ஆர்.ஐ. எடுக்கவோ வேண்டும். சுவரையும் எடுத்து ஒரே குழியாக்கிவிடுவது இன்னொன்று. நோய் மறுபடி வந்தால் வெளியிலிருந்தே தெரியும், ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனால் தோல் தானாக வெளியேறும் அந்த ஏற்பாடு போய்விடுவதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க. எது உங்கள் மகளுக்கு என்பதை ஸ்கேனும், ஆபரேஷன் மேஜையில் கண்ணுக்குத் தெரிவதும்தான் முடிவு செய்யும். ‘திரும்பத் திரும்ப வந்து காட்ட முடியுமா?’ என்று டாக்டர் உங்களைக் கேட்டால், பூப்பறிப்புக் காலம், பஸ் வசதி எல்லாவற்றையும் யோசித்து உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதிலை வைத்துக்கூட நாங்கள் முறையை மாற்றுவோம். குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட வேகமாக வளரும், மறுபடி வரும் வாய்ப்பும் அதிகம். எனவே எந்த முறையானாலும் பல ஆண்டுகள் தொடர்ந்து காட்டியே ஆக வேண்டும்.

கேட்கும் திறன் பற்றி ஆசை வார்த்தை சொல்ல மாட்டேன். ஆபரேஷனின் முதல் நோக்கம் ஆபத்தை நீக்கிக் காதைக் காய வைப்பது. கேட்கும் திறனைத் திருப்புவது அதற்கு அடுத்தது. அறுந்த சங்கிலிக்குப் பதிலாகக் குருத்தெலும்போ டைட்டேனியத்தில் செய்த சிறு துண்டோ வைத்துச் சரிசெய்ய முடியும். சிலருக்கு அதே ஆபரேஷனில், சிலருக்கு இரண்டாவது முறை திறக்கும்போது. நன்றாகக் கேட்கத் தொடங்கியவர்களும் உண்டு, ஓரளவோடு நின்றவர்களும் உண்டு. சிலருக்கு அந்தத் தோல் பையே அறுந்த சங்கிலிக்கு நடுவே பாலமாக நின்று ஒலியைக் கடத்திக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு ‘ஆபரேஷன் கெடுத்துவிட்டது’ என்று மனம் உடையாது. தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி இருக்கிறது. நாக்கின் ஒரு பக்கம் சில மாதங்களுக்கு இரும்புச் சுவை தட்டலாம், சுவை நரம்பு ஒன்று நடுக்காதின் குறுக்கே ஓடுவதால் அப்படி. முக நரம்புக்குக் காயம் படுவது அரிது. ஆனால் அந்த அபாயம் இருக்கிறது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். நோயை அப்படியே விட்டுவைத்தாலும் அதே நரம்புக்கு ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மாமியார் சொல்வதுபோல வயதுக்கு வரட்டும் என்று காத்திருக்கலாமா? வேண்டாம், அம்மா. பரீட்சை முடியட்டும் என்று சில வாரம் தள்ளுவது வேறு. மயக்கம், முகக் கோணல், தலைவலி எதுவும் இல்லாமல், ஸ்கேனிலும் அவசரம் ஒன்றும் தெரியாவிட்டால், அந்த அளவுக்கு உங்கள் டாக்டரே சம்மதிக்கலாம். தேதியை அவரோடு சேர்ந்து குறியுங்கள். பூப்பெய்துவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டும் பை பெரிதாகும், மிச்சமிருக்கும் எலும்பு குறையும். இன்றைக்கு அங்கவடி முழுதாக இருந்தால், அதன் மேல் சங்கிலியைத் திரும்பக் கட்டுவது சுலபம். அதுவும் கரைந்தபின் வந்தால் எங்கள் கையில் இருக்கும் வாய்ப்புகள் குறைந்துவிடும். மாமியாரை அடுத்த முறை உடன் அழைத்துப் போங்கள். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைத் திரையில் காட்டும் வசதி இப்போது பல இடங்களில் உண்டு. பேத்தியின் காதுக்குள் இருக்கும் அந்த வெள்ளையை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், அவரே ‘எப்போது ஆபரேஷன்?’ என்று கேட்பார். பல பாட்டிகள் அப்படிக் கேட்டு நான் பார்த்திருக்கிறேன்.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நினைக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, இந்த மாதிரிக் காதுகளைத் தினமும் பார்க்கும் இடம். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், இந்த ஆபரேஷனுக்கு அங்கே திட்டத்தில் அனுமதி உண்டா என்று காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். எங்கே செய்தாலும் ஸ்கேன் படத்தையும் கேட்கும் திறன் சோதித்த தாளையும் கையில் வாங்கி ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருடம் கழித்தும் அவை தேவைப்படும்.

மகளிடம் இதையெல்லாம் மறைக்காதீர்கள். 13 வயது, புரியும். வாடைக்காகப் பக்கத்துப் பிள்ளை இடம் மாறியது அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அது அவள் சுத்தமில்லாததால் வரவில்லை, குணப்படுத்தக்கூடிய ஒரு நோயால் வந்தது என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் மகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அடினாய்டு வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. வீங்கியிருந்தால் ஈஸ்டேஷியன் குழாய் சரியாகத் திறக்காது. அக்காவின் காதில் எட்டு வருடம் முன்பு என்ன தொடங்கியதோ, அது அவன் காதில் ஒழுகல் இல்லாமல், வலி இல்லாமல், ஒரு சின்னக் குழியாக இப்போது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குழியாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் மூக்குக்கும் அடினாய்டுக்கும் வைத்தியம் செய்தோ, சில பிள்ளைகளுக்குச் செவிப்பறையில் ஒரு சிறு குழாய் பொருத்தியோ பெரும்பாலும் சமாளித்துவிடலாம், காதுக்குப் பின்னால் கீற வேண்டியிருக்காது. டீவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா, கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறானா என்று இந்த வாரம் கவனியுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வரும் அன்றே அவனையும் கூட்டி வந்து காதைக் காட்டிவிடுங்கள்.